கரண்டி யார் கையில்? சிப்போட்லே 3,700 கடை ஆன கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக அங்கங்கே சுருக்கி, திருத்தப்பட்டது.)

  இந்த எபிசோடைச் சாப்பிட்டுட்டுக் கேளுங்க. பசியோட கேட்டா நான் பொறுப்பில்லை.

கொஞ்ச வருஷம் முன்னாடி ஆன்சைட் வேலைக்காக டெக்சஸ்ல பத்து மாசம் இருந்தேன். அமெரிக்கா போன நம்ம ஊர் ஆளுங்க யாரைக் கேட்டாலும் ஒரு கடை பேர் கண்டிப்பா சொல்வாங்க: சிப்போட்லே. காரணம் சிம்பிள். சாதம் கிடைக்கும், அதுமேல பீன்ஸ், அதுமேல வதக்கின குடைமிளகாயும் வெங்காயமும். என் டீம்ல ஒருத்தர் சுத்த சைவம். முதல் நாளே என்னைக் கூட்டிட்டுப் போய், "தம்பி, இங்க வெஜ் பௌல் வாங்கினா குவாக்கமோலேவுக்குத் தனிக் காசு கிடையாது. சாதம் இன்னும் கொஞ்சம் கேட்டாலும் போடுவாங்க. இந்த ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும், இந்த ஊர்ல பொழைச்சுக்கலாம்"னு சொன்னார். குவாக்கமோலேன்னா அவகாடோவை மசிச்சு உப்பு, எலுமிச்சை, கொத்தமல்லி, மிளகாய் எல்லாம் போட்டுக் கலக்கறது.

அன்னைக்கு மதியம் எங்க முன்னாடி பதினெட்டு பேர் நின்னாங்க. சரி, அரை மணி நேரம் போச்சுன்னு நினைச்சேன். எட்டு நிமிஷத்துல சாப்பாடு என் கையில இருந்தது. சாப்பிட்டதைவிட அந்த வரிசை நகர்ந்த விதம்தான் எனக்கு மனசுல நின்னது. ஆபீஸ்ல நாங்க மாசக்கணக்கா மண்டையை உடைச்சிக்கிட்டு இருந்த ஒரு டேட்டா பைப்லைன், அந்த வரிசை அளவுக்கு ஸ்மூத்தா ஓடினதே இல்லை.

இன்னைக்கு அந்த வரிசையைப் பத்தித்தான் பேசப் போறோம். அதுக்குப் பின்னாடி இருக்கும் கணக்கு என்ன, ஒரே கடையா இருந்தது எப்படி 3,700 கடையா ஆச்சு, நடுவுல எங்க உடைஞ்சது, இது மூணையும் பார்க்கலாம்.

107 புரிட்டோ

கதை 1993-இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் தொடங்குகிறது. ஸ்டீவ் எல்ஸ் முறையாகச் சமையல் படித்தவர். சான்ஃபிரான்சிஸ்கோவில் 'ஸ்டார்ஸ்' என்ற பெரிய உணவகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய கனவு, தானும் அப்படி ஒரு உயர்தர ரெஸ்டாரன்ட் திறப்பது. அதற்குப் பணம் வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோவில் மிஷன் பகுதி மெக்சிகன் கடைகளில் அவர் பார்த்த ஒரு பொருள் ஞாபகம் வந்தது: பெரிய சப்பாத்தி மாதிரி ஒரு டார்ட்டியா, அதுக்குள்ள சாதம், பீன்ஸ், இறைச்சி எல்லாம் வைத்துச் சுருட்டிய புரிட்டோ. இதை விற்றுப் பணம் சேர்த்து, பிறகு கனவுக் கடையைத் திறக்கலாம் என்று நினைத்தார். அதாவது, சிப்போட்லே ஒரு சைடு புராஜெக்ட்!

அப்பாவிடம் 85,000 டாலர் கடன் வாங்கினார். டென்வர் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், முன்பு ஐஸ்கிரீம் கடையாக இருந்த ஒரு சின்ன இடத்தைப் பிடித்தார். நாளைக்கு 107 புரிட்டோ விற்றால் கடை லாபத்தில் ஓடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கடை திறந்து ஒரு மாதத்துக்குள் நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் விற்றது.

உயர்தர ரெஸ்டாரன்ட் கனவு அதோட போச்சு. ஆனா அந்தப் படிப்பு வீணாகலை. ஃபாஸ்ட் ஃபுட் கடையில யாரும் பண்ணாததை அவர் பண்ணினார். சமையலறையை மறைக்கலை. இறைச்சியைக் கடையிலேயே சுட்டு, வெங்காயத்தை அங்கேயே நறுக்கி, எல்லாத்தையும் கண்ணெதிரே வெச்சார். இன்னைக்கு இதுக்கு 'ஃபாஸ்ட் கேஷுவல்'னு பேர். உட்கார வெச்சுப் பரிமாற ஆள் இருக்க மாட்டாங்க. ஆனா உறைய வெச்ச பாக்கெட்டைச் சூடு பண்ணித் தர கடையும் இல்லை. விலை ஃபாஸ்ட் ஃபுட்டைவிடக் கொஞ்சம் கூட, நல்ல ரெஸ்டாரன்ட்டைவிட நிறையக் குறைவு. அந்த இடைவெளியிலதான் இந்த பிசினஸ் மொத்தமும் நிக்குது.

வரிசைதான் புராடக்ட்

இப்போ அந்த வரிசைக்கு வருவோம். நான் சாஃப்ட்வேர்க்காரன், அதனால அப்படித்தான் பார்ப்பேன், மன்னிச்சிடுங்க.

உள்ளே போனதும் மெனு போர்டைப் பாருங்க. ரொம்பச் சின்னது. புரிட்டோ, பௌல், டாக்கோ, சாலட் என்று நாலு வடிவம். வெள்ளைச் சாதம், பழுப்புச் சாதம், அல்லது சாதமே வேண்டாம். ரெண்டு வகை பீன்ஸ், அல்லது வேண்டாம். இறைச்சி, டோஃபு, காய்கறி என்று ஆறு வகையில் ஒன்று. பிறகு சல்சா, சீஸ், கீரை என்று மேலே போடுவதற்கு ஒரு எட்டு ஐட்டம், ஒவ்வொன்றும் வேணுமா வேணாமா. பெருக்கிப் பாருங்க: 4, 3, 3, 6, கடைசி எட்டுக்கு 256. மொத்தம் 55,000-க்கு மேல வருது! சமையலறையில் இருப்பதோ சில டஜன் பொருள்தான். வாடிக்கையாளருக்கு "எனக்கே எனக்குன்னு செஞ்சது" என்ற திருப்தி, கடைக்காரருக்குக் குறைவான ஸ்டாக். எந்த இன்ஜினியரைக் கேட்டாலும் இது நல்ல டிசைன்னு சொல்வாங்க.

அடுத்து, இங்கே ஆர்டர் எடுத்து உள்ளே அனுப்ப ஆள் கிடையாது. நீங்களே பேசுறீங்க, நீங்களே நடக்குறீங்க, உங்க தட்டு உங்ககூடவே நகருது. தப்பா எதையாவது போட்டா அந்த நொடியே "அது வேணாம்"னு சொல்லிடுவீங்க. அதாவது, டெஸ்டிங் வேலையையும் வாடிக்கையாளரே இலவசமாப் பண்றார்.

கரண்டி பிடிச்சு நிற்பவர் திரும்பவே கூடாது என்பது அங்கே பெரிய விதி. சாதம் தீர்ந்தா அவர் உள்ளே ஓடக் கூடாது. அவருக்குப் பின்னால் ஒருத்தர் நின்று காலியாகும் பாத்திரத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். கடைசியில் பில் போடுபவருக்கு முன்னால் இன்னொருத்தர் நின்று, மூடி, பை, "குளிர்பானம் வேணுமா?" இதையெல்லாம் முன்கூட்டியே முடித்துவிடுவார். எங்கே நெரிசல் வருமோ அங்கே ஒரு ஆள். எங்க பாஷையில, பாட்டில்நெக்கைக் கண்டுபிடிச்சு அங்கே மட்டும் திறனைக் கூட்டுறது.

எதுக்கு இவ்வளவு அவசரம்? மதியம் 12 மணியிலிருந்து 1 மணி வரைக்கும் வரும் கூட்டம் 3 மணிக்கு வராது. அந்த ஒரு மணி நேரத்துல கதவைத் திறந்து நீளமான வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போனவர் போனவர்தான். வாடகை ஏறாது, இறங்காது. அந்த ஒரு மணி நேரத்துல இன்னும் இருபது பேருக்குக் கொடுக்க முடிஞ்சா, அந்த இருபதுல பெரும்பகுதி லாபம்.

2024 கணக்கையே எடுத்துக்கலாம். ஒரு கடையின் சராசரி ஆண்டு விற்பனை சுமார் 32 லட்சம் டாலர். நாளைக்குச் சுமார் 8,700 டாலர். ஒவ்வொரு 100 டாலரிலும் உணவுப் பொருளுக்கும் பேக்கிங்குக்கும் கிட்டத்தட்ட 30 போகிறது. சம்பளம் கிட்டத்தட்ட 25. வாடகை வகையறா ஐந்துக்கும் குறைவு. மற்ற செலவுகள் சுமார் 14. கடை மட்டத்தில் கையில் நிற்பது 26, 27 டாலர். தலைமை அலுவலகம், புதுக் கடை, வரி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். இருந்தாலும், உணவகத் தொழிலில் இது பெரிய எண்.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது அந்த 30-ஐ. வாடகையை ஒரு தடவை பேசி முடிச்சிடலாம். உணவுச் செலவு அப்படி இல்லை. ஒவ்வொரு தட்டுலயும், ஒவ்வொரு கரண்டியிலும் அது புதுசா முடிவாகுது. இறைச்சியின் அளவு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். தராசு கிடையாது, கைப்பழக்கம்தான். கை அரை அவுன்ஸ் தாராளமாப் போனா இறைச்சிச் செலவு எட்டுல ஒரு பங்கு ஏறிடும். அரை அவுன்ஸ் கஞ்சமாப் போனா வாடிக்கையாளர் முகம் மாறிடும். இந்த கம்பெனியின் லாபம், பேர் ரெண்டுமே, மணிக்கூலிக்கு வேலை செய்யும் ஒருத்தர் கையில் இருக்கும் கரண்டியில இருக்கு.

இதை மனசுல வெச்சுக்கோங்க. மீதிக் கதை முழுக்க இந்தக் கரண்டி திரும்பத் திரும்ப வரும்.

மெக்டொனால்ட்ஸ் வந்தது, போனது

1998-இல் சிப்போட்லேயிடம் இருபதுக்கும் குறைவான கடைகள்தான் இருந்தன. அப்போது ஒரு முதலீட்டாளர் வந்தார். வேறு யாரும் இல்லை, மெக்டொனால்ட்ஸ். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 36 கோடி டாலர் போட்டது. 2006 ஜனவரியில் சிப்போட்லே பங்குச் சந்தைக்கு வந்தபோது 500 கடைகளைத் தொட்டிருந்தது. 22 டாலருக்குக் கொடுத்த பங்கு முதல் நாளே இரட்டிப்பானது. அதே ஆண்டு அக்டோபருக்குள் மெக்டொனால்ட்ஸ் முழுமையாக வெளியேறியது. சுமார் 150 கோடி டாலரோடு போனது.

நல்ல லாபம்தான். ஆனா இன்னும் கொஞ்ச வருஷம் வெச்சிருந்தா எங்கேயோ போயிருக்கும்னு இன்னைக்கும் எல்லாரும் சொல்வாங்க. ஏன் பிரிஞ்சாங்க? ரெண்டு பேரும் வேற வேற பிசினஸ்ல இருந்தாங்க. காரில் உட்கார்ந்தபடியே வாங்கும் டிரைவ்-த்ரூ, காலை டிபன், ஃபிரான்சைஸ் எல்லாம் வேணும்னு மெக்டொனால்ட்ஸ் பக்கம் விரும்பினாங்க. எல்ஸ் எதுக்கும் மசியலை.

ஃபிரான்சைஸ் விஷயத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். இன்று உலகெங்கும் உள்ள மெக்டொனால்ட்ஸ் கடைகளில் நூற்றுக்கு 95 வேறு யாரோ ஒரு முதலாளி நடத்துவது. அவர் பணம் போடுவார், ஆள் வைப்பார். கம்பெனிக்கு ராயல்டியும் வாடகையும் கொடுப்பார். வேகமாக வளரலாம், ரிஸ்க் அடுத்தவருடையது. சிப்போட்லே அமெரிக்காவில் கடைகளைத் தானே நடத்துகிறது. பணமும் ரிஸ்க்கும் தலைவலியும் அதனுடையது. பதிலுக்கு அந்த 26, 27 டாலரும் அதனுடையது, கரண்டியும் அதனுடையது.

ஆனா நீங்க 300 கடை திறக்கணும்னா 300 மேனேஜர் வேணும். பணம் பங்குச் சந்தையில கிடைக்கும், கட்டடம் கிடைக்கும். ஒரு கடையைப் பொறுப்பா நடத்தும் ஆள் எங்கே கிடைப்பார்? அதுக்கு அவங்க ஒரு வழி பண்ணினாங்க. எல்ஸின் நண்பரும் வழக்கறிஞருமான மான்டி மோரன் 2005-இல் நிர்வாகத்துக்குள் வந்தார். 'ரெஸ்டாரன்ட்டர்' என்று ஒரு பதவியைக் கொண்டுவந்தார்கள். சிறந்த கடை மேனேஜருக்குக் கொடுக்கும் பட்டம் அது. தன் கடையில் வெங்காயம் நறுக்கும் ஒருத்தரை அவர் வளர்த்து இன்னொரு கடைக்கு மேனேஜராக்கினால், தலைக்கு 10,000 டாலர் போனஸ்.

கவனிச்சீங்களா? விற்பனைக்கு இல்லை, ஆளை உருவாக்கினதுக்கு போனஸ். ஒரு மேனேஜர் ரெண்டு மேனேஜரை உருவாக்குவார், அவங்க நாலு பேரை. எங்க துறையில ரொம்ப நாளாச் சொல்லிட்டு இருக்கோம், நல்ல சீனியர்னா தான் எழுதின கோடை வெச்சு இல்லை, தன்கிட்ட வளர்ந்த ஜூனியர்களை வெச்சுத்தான் மதிப்பிடணும்னு. சொல்றோம், அதுக்கு போனஸ் தர்றதில்லை!

லாக் இல்லாத சிஸ்டம்

2015. பங்கு விலை 700 டாலரைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்த நேரம். அந்த ஆண்டின் பின்பாதியில் ஒவ்வொன்றாக வெடித்தது.

ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சிமி வேலி கடையில் நோரோவைரஸ். வாடிக்கையாளர்களும் ஊழியர்களுமாக சுமார் 234 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. அக்டோபரில் ஈ-கோலை பாக்டீரியா. வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் 43 கடைகளை கம்பெனி தற்காலிகமாக மூடியது. இரண்டு தொடராக வந்த அந்தத் தொற்றில் பல மாநிலங்களில் மொத்தம் 60 பேர் பாதிக்கப்பட்டார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

எந்தப் பொருளிலிருந்து ஈ-கோலை வந்தது என்பதை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஏன்னா ஒரே தக்காளி, ஒரே கொத்தமல்லி, ஒரே வெங்காயம் எல்லாத் தட்டுலயும் கலந்து போகுது. யார் எதைச் சாப்பிட்டு நோய்வாய்ப்பட்டார்னு பிரிக்கவே முடியலை. நான் 55,000 காம்பினேஷன்னு பெருமையாச் சொன்னேனே, அதே டிசைன்தான் இங்கே எதிரியா நின்னது. லாக் இல்லாத புரொடக்‌ஷன் சிஸ்டத்துல பக் தேடின அனுபவம் இருக்கறவங்களுக்கு இந்த வலி புரியும்.

டிசம்பரில் பாஸ்டன். இதுதான் என்னை ரொம்ப உலுக்கினது. அங்கே 141 பேருக்கு நோரோவைரஸ். பிறகு அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட விவரம் இது: பயிற்சியில் இருந்த ஒரு மேனேஜர், அதாவது மேனேஜராக வளர்ந்துகொண்டிருந்த ஒருவர், கடையிலேயே வாந்தி எடுத்தார். உடம்பு சரியில்லாதவரை வேலை செய்ய விடக் கூடாது என்பது கம்பெனி விதி. ஆனால் தொடர்ந்து வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அதே நபர் பாஸ்டன் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கான சாப்பாட்டைக் கட்டும் வேலையில் இருந்தார். அந்த வீரர்களும் நோயாளிகள் பட்டியலில் சேர்ந்தார்கள்.

விதி எழுத்துல இருந்தது மக்களே. அதை நீங்க கவனிக்கணும்.

இதுல எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கு. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, "உடம்பு முடியலைன்னா லீவு எடுங்க, ஆரோக்கியம்தான் முக்கியம்"னு மாசாமாசம் மெயில் வரும். ஒரு ரிலீஸ் ராத்திரி எனக்கு 102 டிகிரி காய்ச்சல். லீடுக்குப் போன் பண்ணினேன். "சரிப்பா, ரெஸ்ட் எடு. ஆனா உன்னைவிட்டா அந்த மாட்யூல் யாருக்கும் தெரியாதே... ஒரு ரெண்டு மணி நேரம் மட்டும் பார்த்துக்கிறியா?" அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேல இருந்தவர் அவர்கிட்டயும் இதே குரல்லதான் கேட்டிருப்பார். உட்கார்ந்தேன். தப்பான டேட்டாபேஸ்ல ஒரு கமாண்டைப் போட்டேன். விடியற்காலை வரைக்கும் ஆறு பேர் உட்கார்ந்து சரி பண்ணினாங்க. மறுநாள் மீட்டிங்ல கேட்ட கேள்வி, "இதை யார் ரன் பண்ணினது?" காய்ச்சலைப் பத்தி யாரும் கேட்கலை.

பாஸ்டன் கடையிலும் அன்னைக்கு ஆள் பத்தாம இருந்ததா, வேற ஏதாவது நெருக்கடியா, அது எனக்குத் தெரிஞ்ச கதை இல்லை. ஆனா வரிசை வேகமா நகரணும், ஆள் குறைவா இருக்கணும், கடை மேல கடை திறக்கணும்னு மூணையும் ஒண்ணா அழுத்தும்போது, முதல்ல வளைவது எழுதி வெச்ச விதிதான். வரிசை வேகத்தை ஒவ்வொரு மணிக்கும் அளந்தாங்க. உடம்பு சரியில்லாத ஒருத்தர் வீட்டுக்குப் போனாரான்னு அதே கண்டிப்போட அளந்தாங்களா?

2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, நாடு முழுவதும் எல்லாக் கடைகளையும் சில மணி நேரம் மூடி ஊழியர்களுக்கு உணவுப் பாதுகாப்புக் கூட்டம் நடத்தினார்கள். வெங்காயம், எலுமிச்சை, அவகாடோ போன்றவற்றைக் கொதிநீரில் சில நொடி முக்கி எடுக்கும் முறை வந்தது. ஆனாலும் 2018-இல் ஒஹாயோவின் பவல் நகரில் ஒரே கடையில் சுமார் 647 பேர் நோய்வாய்ப்பட்டார்கள். உணவைச் சரியான வெப்பநிலையில் வைக்காததுதான் பிரச்சினை. 2020 ஏப்ரலில் இந்த வழக்குகளை முடிக்க 2.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது சிப்போட்லே. உணவுப் பாதுகாப்பு வழக்குகளில் அன்றுவரை அதுதான் மிகப் பெரிய தொகை.

இரண்டாவது வரிசை

2018 மார்ச்சில் டாக்கோ பெல் நிறுவனத்திலிருந்து பிரையன் நிக்கல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். டென்வரிலிருந்த தலைமை அலுவலகம் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சுக்குப் போனது. அவர் கையில் எடுத்தது ஒரு சுவாரசியமான பிரச்சினை.

ஆப்பில் ஆர்டர் வந்தா என்ன ஆகும்? முன்னாடி நிற்கும் வரிசையை நிறுத்திட்டு அதைச் செய்யணும். ஒரே சர்வர்ல ரெண்டு வேலை ஓட்டினா ரெண்டும் மெதுவாகும் இல்லையா? தீர்வு, பின்பக்கம் இன்னொரு வரிசை. அதே சாதம், அதே பீன்ஸ், அதே கரண்டிகள். ஆனா வாடிக்கையாளர் முன்னாடி நிற்க மாட்டார், டிஜிட்டல் ஆர்டர் மட்டும். கூடவே 'சிப்போட்லேன்' வந்தது. டிரைவ்-த்ரூ மாதிரியேதான், ஆனா அங்கே ஆர்டர் சொல்ல முடியாது. ஆப்பில் முன்னாடியே சொன்னதைக் காரில் வந்து வாங்கிட்டுப் போகலாம். எல்ஸ் மறுத்த டிரைவ்-த்ரூ, வேற வடிவத்துல உள்ள வந்துடுச்சு.

நேரம் அமைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2018-இல் மொத்த விற்பனையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்த டிஜிட்டல், கோவிட் வந்த 2020-இல் 46 சதவீதம் ஆனது. எத்தனையோ உணவகங்கள் மூடிய ஆண்டில் இவர்களிடம் ரெடியாக இருந்தது அந்தப் பின்பக்க வரிசை. 2018-இல் சுமார் 490 கோடி டாலராக இருந்த ஆண்டு வருமானம் 2024-இல் சுமார் 1,130 கோடியைத் தொட்டது.

சரி, எல்லாம் சுபம்னு எபிசோடை முடிச்சிடலாமா? இல்லை. கரண்டியை மறந்துட்டோம்.

முன்பக்க வரிசையில ஒரு விஷயம் இருந்தது. நீங்க பார்த்துட்டு நிக்கிறீங்க. கரண்டி பிடிச்சவரும் உங்களைப் பார்க்கிறார். "இன்னும் கொஞ்சம் சாதம் போடுங்களேன்"னா சிரிச்சுக்கிட்டே போடுவார். பின்பக்க வரிசையில அந்தக் கண் கிடையாது. திரையில ஒரு லிஸ்ட், கையில கரண்டி, அடுத்து அடுத்துனு ஆர்டர்.

2024-இல் டிக்டாக் முழுக்க ஒரே புகார், "அளவு குறைஞ்சிடுச்சு". போனை நீட்டி வீடியோ எடுத்தா கூடுதலா போடுவாங்கன்னு ஒரு நம்பிக்கை பரவி, ஆளாளுக்குக் கேமராவோட வரிசையில நின்னாங்க. அளவைக் குறைக்கும்படி எந்த உத்தரவும் இல்லை என்று கம்பெனி மறுத்தது. ஆனால் கடைகளில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு மறுபயிற்சி தேவைப்படுகிறது என்று நிக்கலே ஒப்புக்கொண்டார். தாராளமாகப் போடுவதை உறுதிசெய்ய, கூடுதல் செலவை கம்பெனி ஏற்றது.

என்னைக் கேட்டா, இதுல யாரும் சதி பண்ணலை. ஆனா பத்துல ஒண்ணுன்னா முன்னூறு கடைக்கு மேல! ஒரு கடையில கை கொஞ்சம் சுருங்கினா அது அந்த ஆளின் பழக்கம். முன்னூறு கடையில சுருங்கினா அது சிஸ்டத்தின் பழக்கம்.

7,000 கடைக்கு முன்னாடி ஒரு கேள்வி

2024 ஆகஸ்டில் நிக்கல் ஸ்டார்பக்ஸுக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. அன்று ஒரே நாளில் ஸ்டார்பக்ஸ் பங்கு 24 சதவீதம் ஏறியது, சிப்போட்லே பங்கு 7 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. செயல்பாடுகளைக் கவனித்துவந்த ஸ்காட் போட்ரைட் தலைமைக்கு வந்தார். 2024-இல் மட்டும் 304 புதுக் கடைகள், கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று. வட அமெரிக்காவில் 7,000 கடை என்பது நீண்டகால இலக்கு. மத்தியக் கிழக்கில் அல்ஷாயா குழுமத்தோடு கூட்டு சேர்ந்து, 2024-இல் குவைத்தில் கடை திறந்தது. அங்கே கடையை நடத்துவது அந்தக் கூட்டாளி. ஃபிரான்சைஸ் கிடையாது என்று நின்ற கம்பெனி, கரண்டியை முதல்முறையாக வெளிநாட்டில் அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறது.

அதே சமயம் 2025-இன் இரண்டாம் காலாண்டில், ஏற்கெனவே இருக்கும் கடைகளின் விற்பனை முந்தைய ஆண்டைவிட 4 சதவீதம் குறைந்தது. புதுக் கடை திறப்பதால் மொத்த வருமானம் ஏறும். பழைய கடைக்கு ஆள் வருவது குறைந்தால், அது வேற சேதி. ஒரு செயின் கடையைப் பத்திப் படிக்கும்போது நீங்க முதல்ல தேட வேண்டிய எண் இதுதான்: போன வருஷமும் திறந்திருந்த கடை, இந்த வருஷம் எவ்வளவு விற்குது?

இதே கம்பெனி தன் வரிசையை வேற சமையலுக்கும் நகல் எடுக்கப் பார்த்தது. 'ஷாப்ஹவுஸ்' என்று தென்கிழக்கு ஆசியச் சாப்பாடு, அதே மாதிரி வரிசை, அதே மாதிரி கரண்டி. 2011-இல் தொடங்கி 15 கடை வரை போய், 2017-இல் மூடினார்கள். வரிசையைக் காப்பி பேஸ்ட் பண்ணலாம். அதுக்குப் பின்னாடி வருஷக்கணக்கா உருவான ஆட்களையும், வாடிக்கையாளர் பழக்கத்தையும் பண்ண முடியாது.

ஆக, நான் எடுத்துக்கிட்டது என்ன? சின்ன மெனு, வேகமான வரிசை, சொந்தக் கடை, உள்ளிருந்தே மேனேஜர். இந்த நாலும் சிப்போட்லேயைத் தூக்கி நிறுத்தின தூண்கள். நாலுமே கடைசியில வந்து நிற்பது ஒரு இடத்துல: முன்னாடி நிற்கும் அந்த ஒருத்தர். அவருக்கு உடம்பு சரியில்லைன்னா வீட்டுக்குப் போக முடியணும். பார்க்க ஆள் இல்லாத இடத்துலயும் அதே அளவு போடணும்னு அவருக்குத் தோணணும். நாளைக்குத் தானும் மேனேஜராகலாம்னு நம்பணும். இது மூணும் எக்செல் ஷீட்ல ஒரு தனிக் காலமா வராது. ஆனா அந்த 26 டாலர் அங்கிருந்துதான் வருது.

டெக்சஸ்ல என் கடைசி வாரம். அதே கடை, அதே வரிசை. பத்து மாசமாப் பார்த்துப் பழகின அம்மா ஒருத்தங்க கரண்டியோட நின்னாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ரெண்டாவது கரண்டி சாதம் பௌல்ல விழுந்திருந்தது. அதை எந்த ஆப்பும் எனக்காகப் பண்ணலை.

நீங்க வேலை பார்க்கும் இடத்துல அந்தக் கரண்டி யார் கையில இருக்கு? சப்போர்ட் டிக்கெட் எடுக்கறவர் கையிலயா, டெலிவரி பண்றவர் கையிலயா, ராத்திரி ஆன்-காலில் இருக்கும் ஜூனியர் கையிலயா? அவருக்குக் காய்ச்சல் வந்தா என்ன ஆகும்? யோசிச்சுச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் வேற ஒரு கம்பெனி, வேற ஒரு கணக்கோட பார்க்கலாம். அதுவரைக்கும், நேரத்துக்குச் சாப்பிடுங்க.